நட்டுக்கு அந்தப் பக்கம்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சுவர்
பாதிதான் எங்களுடையது.
மறுபாதி ரொமிலா படையாச்சிக்கு.
நான் பேஸ் கிட்டாரில் தாழ்ந்த ஈ கம்பியைத் தொட்டால்
அவள் அலமாரியில் கோப்பைகள் இடம் மாறுகின்றன.
மூன்று தட்டு என்றால் நிறுத்து.
இரவுப் பணி நர்ஸ், பகலில் தூங்குகிறவள்,
நியாயம் அவள் பக்கம்.

ஆகவே அதிராததைப் பழகினேன்.
பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே
விரலை வைக்கலாம், அழுத்தக் கூடாது.
சூடேறிவிட்டதா என்று இஸ்திரிப்பெட்டியைத் தொடுவோமே,
அவ்வளவுதான்.
இத்தனை தடித்த கம்பிக்குள்
இத்தனை மெலிந்த குரல் எங்கே இருந்தது என்று
இன்னும் எனக்கு விளங்கவில்லை.
ஏழில் ஒன்று இருக்கிறது. ஐந்தில் ஒன்று.
நான்குக்குச் சற்று முன்னே இன்னொன்று:
ஒருநாள் வரும், ஒருநாள் வராது.

வளைப்பது வேறு வேலை. முழு முரட்டுத்தனம்.
மூன்று விரல் சேர்ந்து தள்ளினாலும்
அரைச் சுரம் ஏறுவதற்குள் விரல்நுனி வெந்துவிடும்.
கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம்
மூச்சிலேயே வழுக்கிப் போகிற இடத்துக்கு
நான் தோள்வலியோடு போய்ச் சேருகிறேன்.
திரும்பி வந்தால் சுருதி இறங்கியிருக்கும்.
சனிக்கிழமைக் கல்யாணங்களில்
இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.
ஆடுகிறார்கள். காசு கொடுக்கிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், நான்காம் நிலை மின்வெட்டு.
எட்டு மணிக்குத் தெரு அணைந்தது, கூடவே ஆம்ப்பும்.
கிட்டாரின் கொம்பைச் சுவரோடு அழுத்தி
ஐந்தில் ஒரு மணியை எழுப்பினேன்.
செங்கல் பாடியது.
ஒரு தட்டு.
மூன்று இல்லை, ஒன்றுதான்.
பிறகு வாசலில் அவளே, டார்ச்சோடு,
அன்று அவளுக்கு விடுமுறை.

"எல்லா ஃப்ரிட்ஜும் நின்னுடுச்சு.
எனக்கு மட்டும் நிக்கல."
இடது காதைக் காட்டினாள்.
கோவிட் வார்டுக்கு அப்புறம் மூன்று வருஷமாய் இந்த ரீங்காரம்.
பழகிக்கொள் என்றாராம் டாக்டர்.
"நீ இப்ப வாசிச்சது அதுக்குப் பக்கத்துல இருந்துச்சு."

சமையல் மேசையில் மெழுகுவர்த்தி.
கிட்டாரின் அடியை மேசைமேல் ஊன்றிக்கொண்டு
ஜி கம்பியில் தேடினோம்.
பன்னிரண்டு: கீழே. ஏழு: இன்னும் கீழேதான்.
ஐந்து: "கிட்ட. கொஞ்சம் மேல.
பக்கத்து வீடு இல்ல, அதே வீட்டு மாடி."
நான்கில் தாண்டிப் போய்விட்டது.
இரண்டுக்கும் நடுவே தொட்டால் கம்பி ஊமை.

அப்போதுதான் அந்த இடம் நினைவுக்கு வந்தது.
கழுத்தின் உச்சியில், நட்டுக்கு அந்தப் பக்கம்,
சாவியில் சுற்றிக்கொள்ளுமுன்
கம்பி யாருக்கும் ஆகாமல் கிடக்கும் இரண்டங்குலம்.
ஐந்தில் மணியை எழுப்பிவிட்டு,
அது அடங்குமுன் இடக்கையை ஓட்டி,
அங்கே அழுத்தினேன். மணி வளைந்து ஏறியது.

இரண்டு கம்பிகள் நெருங்கும்போது
நடுவில் ஒரு துடிப்பு வரும், நெருங்க நெருங்க மெதுவாகும்,
அதை வைத்துத்தான் சுருதி சேர்ப்பேன்.
அவள் காதோடு அந்தத் துடிப்பு வரவில்லை.
அவள் கைதான் சொன்னது,
லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவன் மாதிரி:
வா, வா, இன்னும், போதும், ஒரு மயிரிழை கீழே,
நில்.

கண்ணை மூடியிருந்தாள்.
"காணோம்" என்றாள்.

விரல் எரிந்தது. விடவில்லை.
ஆனால் கம்பி எவ்வளவு நேரம்தான் அதிரும்,
ஆறு விநாடி, ஏழு.
என்னுடையது தேய்ந்து தீர்ந்தது.
அவளுடையது திரும்பி வந்ததை
முகத்தில் பார்த்தேன்.

"இன்னொரு தரம்."

பத்தரைக்கு மின்சாரம் வந்து
ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்தபோது
மெழுகு மேசையில் உறைந்திருந்தது,
ஜி கம்பி கால் சுரம் இறங்கிக் கிடந்தது,
என் விரலில் ஒரு பள்ளம்.
எரிகிற டார்ச்சை அணைக்காமலே
அவள் கதவுவரை போய்த் திரும்பினாள்.
"பகல்ல மட்டும் வேண்டாம்" என்றாள்.